வேண்டாத பாகங்கள்

ஜனவரி 2, வெள்ளி

பம்ப் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. அட்டையில் பம்ப், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பம்ப். சும்மா வந்ததை வீணாக்கக் கூடாது என்று எழுத ஆரம்பிக்கிறேன். எத்தனை நாள் எழுதுவேன் என்று தெரியாது. போன வருஷம் ஜிம்முக்குப் போனதும் ஒன்பது நாள்தான்.

அதே பம்ப் கம்பெனிக்குத்தான் இப்போது வேலை. அரசூர்ப் பக்கம் இருக்கிற அவர்கள் ஃபேக்டரியில் சூடான வார்ப்பை எடுத்துத் தட்டில் அடுக்க ஒரு ரோபோ வைக்கப் போகிறோம். வைப்பதற்கு முன்னால் மொத்த இடத்தையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிக் காட்ட வேண்டும். ரோபோ, கன்வேயர், கம்பி வேலி, தட்டுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஆள், எல்லாமே. வெறும் படமாக இருந்தால் போதாது. அங்கே உண்மையான ரோபோவின் கை திரும்பும் அதே நொடியில் திரையிலும் கை திரும்ப வேண்டும். டெமோ மார்ச் 5. சேர்மனே வருகிறார் என்று சம்பத் சார் மூன்று தடவை சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனி சம்பத் சாருடையது, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.

பன்னிரண்டு வருஷமாக இந்த ஆபீசில் சிமுலேஷன் என்றால் பூங்கொடி என்றுதான் பேச்சு. அது அப்படியே இருக்க வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

அவர்கள் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பிய கேட் (CAD) மாடலைத் திறந்தேன். பதினோராயிரத்து நானூறு பாகங்கள்! வரைந்த மகராசன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரையை வெட்டி வைத்திருக்கிறான். பெயர்ப்பலகையில் எழுத்தைக்கூடச் செதுக்கியிருக்கிறான். தண்ணீர் பாட்டில் வைக்கிற வளையம்கூட இருக்கிறது. இதை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் ரோபோ அசைவதற்குள் எனக்கு ரிட்டையர்மென்ட் வந்துவிடும்.

மரை ரோபோவுக்குத் தேவையில்லை. எழுத்தும் தேவையில்லை. வேண்டாததைத் தூக்க வேண்டும், உருண்டையைப் பெட்டியாக்க வேண்டும், ஆனால் பார்க்கிறவனுக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியக் கூடாது. எதைத் தூக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது கைப்பழக்கத்தில் வருவது. கன்வேயரை மட்டும் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆகும்.

ஜெசிந்தா உதவி செய்யட்டுமா என்று கேட்டாள். அக்டோபரில் சேர்ந்த பெண், திண்டுக்கல், இருபத்து நாலு வயது. ஆறு மாதம் ப்ரொபேஷன், மார்ச் 31 வரை. சின்ன வயதில் லாரி ஏறி இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. அந்தக் காலுக்கு மட்டும் தடித்த அடிவைத்த ஷூ. படியேறும்போதே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். சம்பத் சார் பாவப்பட்டுத்தான் வேலை கொடுத்தார் என்று நினைக்கிறேன். அவளிடமும் அதைச் சொல்லிவிட்டேன். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

ஜெசிந்தா ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறாள். நாற்பது மில்லிமீட்டருக்குக் குறைவான பாகங்களை அதுவே தூக்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தை ஒரு பக்கமும் மோதலுக்குக் கணக்குப் பார்க்கிற வடிவத்தை இன்னொரு பக்கமும் பிரித்து வைக்கிறது. மில்லிமீட்டரை மீட்டராக மாற்றுகிறது. இரண்டு நாள் வேலை ஆறு நிமிஷத்தில் முடிந்தது.

"அக்கா, உங்க வேலைய நாலு நாளா பக்கத்துல இருந்து பாத்தேன். நீங்க செய்யிறதத்தான் எழுதுனேன்" என்றாள்.

சம்பத் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பூங்கொடிம்மா, இந்தப் புள்ள உங்கள வேலை இல்லாமப் பண்ணிப்போடும் போல இருக்குதே" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். பாராட்டினேன். நோகாமல் நுங்கு தின்கிற வேலை என்று தினகரிடம் மட்டும் சொன்னேன். தினகர் எங்கள் டீமில் ரோபோ ப்ரோகிராம் எழுதுகிறவன், நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்.

கேஸ் புக் பண்ண மறந்துவிட்டேன். அத்தை மூன்று நாளாகச் சொல்லிக்காட்டுகிறார்.

ஜனவரி 12, திங்கள்

தட்டுவண்டி தள்ளுகிற ஆளுக்கு நடை வேண்டும். சென்சார் ஒட்டிய கறுப்பு உடுப்பு ஒன்று வாடகைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் திரையில் ஒரு பொம்மை அதே மாதிரி நடக்கும். இரண்டு பேரை நடக்கவைக்க வேண்டும் என்று சம்பத் சார் சொன்னார். முதல் ஆள் தினகர்.

இரண்டாவதற்கு ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். மற்ற எல்லோரும் வேலையாக இருந்தார்கள். நானும்தான்.

"நானாக்கா?" என்று கேட்டாள். "என் நடை சரியா வராதேக்கா."

"நடைன்னா நடைதான் கண்ணு. கூச்சப்படாம போட்டுக்கோ" என்றேன்.

உடுப்பு உடம்போடு ஒட்டுகிற மாதிரி இருந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னேன், பாதத்தில் சென்சார் ஒட்ட வேண்டுமே. ஆபீஸ் முழுக்க நின்று பார்த்தது. ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, வெறுங்காலில், ட்ராலியைத் தள்ளிக்கொண்டு பதினாறு தடவை நடந்தாள். பத்து தடவை போதும் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜனவரி 14, புதன்

காப்புக்கட்டு. வாசலில் கட்டப் பூளைப்பூ வாங்க மறந்ததற்கு அத்தையிடம் பாட்டு.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து பொம்மைகளை உள்ளே கொண்டுவந்தேன். ஆபரேட்டர்_1 தினகர், ஆபரேட்டர்_2 ஜெசிந்தா. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே மொட்டைத் தலை. நிற்கும்போது வித்தியாசம் தெரியவில்லை, நடந்தால்தான் தெரிகிறது. அடையாளத்துக்காக இரண்டாவதன் பெயரை மாற்றி வைத்தேன். தினகர் எட்டிப் பார்த்துச் சிரித்ததில் டீ கீபோர்டில் கொட்டிவிட்டது. எல்லாம் ஒரு விளையாட்டுக்குத்தான். யாருக்கு அதெல்லாம் தெரியப்போகிறது, உள்ளே பதினோராயிரம் பெயர் கிடக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

ஒரு சிக்கல். தட்டுவண்டியோடு ஆள் வேலியின் உள்மூலையிலிருந்து வெளியே வர நாலு நொடி கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு ரோபோவின் கை அந்தப் பக்கம் திரும்பும். வாசலில் உள்ள சென்சார் வாசலைத்தான் பார்க்கும், மூலையைப் பார்க்காது. தினகர் பொம்மை மூன்று நொடியில் வெளியே வந்துவிடுகிறது. ஜெசிந்தா பொம்மைக்கு ஐந்தரை நொடி ஆகிறது. கை திரும்பும்போது அது இன்னும் உள்ளே நிற்கிறது.

ஜெசிந்தா சொன்னாள்: "அக்கா, இது பொம்மையோட தப்பில்ல. தொண்ணூறு கிலோ வண்டி, எட்டு மணி நேரம் சூடு. ஷிப்ட் முடியிற நேரத்துல எல்லாருமே என்னை மாதிரிதான் நடப்பாங்க. ரோபோ நிக்கிற செல்லைக் கொஞ்சம் தள்ளி வெக்கணும்."

லேஅவுட் என்னுடையது. சேர்மன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய லேஅவுட். ஒரு நொண்டிக் காலுக்காக அதை மாற்றச் சொல்கிறாளா?

பொம்மையின் வேகத்தை இரண்டு மடங்காக்கினேன். திரையில் அது இழுத்து இழுத்து ஓட ஆரம்பித்தது, பஸ்ஸை விட்டவர்கள் ஓடுவது போல. மோதல் இல்லை, எல்லாம் பச்சை. ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வாரமாக ஓர் ஆட்டம் நடக்கிறது. தினகர் கண்டுபிடித்தது. பொம்மையை வேலிக்குள் நிறுத்தி ரோபோவை முழு வேகத்தில் திருப்பினால் பொம்மை பறந்து போய் விழும். யார் அதிக தூரம் அடிக்கிறார்கள் என்று போட்டி. தினகர் பதினோரு மீட்டர், அக்கவுன்ட்ஸ் பெண் ஒன்பது. நான் ஒரே ஒரு தடவைதான் ஆடினேன். பதினாலு.

எந்தப் பொம்மை என்று இங்கே எழுத வேண்டியதில்லை. கால் கோணலாக விழுவதுதான் வேடிக்கை என்றார்கள்.

இன்று கைதட்டல் சத்தத்தில் ஷூ சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜெசிந்தா சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் நிற்கிறாள். எல்லோரும் திரும்பி ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். அவள் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எடை போடலையேக்கா" என்றாள். "பொம்மைய உள்ள கொண்டுவர்றப்ப எடை வராது, நாமதான் குடுக்கணும். சும்மா விட்டா ஒரு கிலோன்னு எடுத்துக்கும். அதான் இவ்ளோ தூரம் பறக்குது. எனக்கு நாப்பத்தெட்டு."

குனிந்து நாற்பத்தெட்டு என்று அடித்தாள். தினகர் கையில் மவுஸ் இருந்தது. "இப்ப அடிங்கண்ணா" என்றாள்.

அவன் அடித்தான். பொம்மை இரண்டடி தள்ளிப் போய் அப்படியே மடிந்து விழுந்தது. கை திரும்பி வந்து இன்னொரு தடவை அதன்மேல் இடித்து நின்றது. யாரும் கைதட்டவில்லை.

ஆட்டத்தில் சுவாரசியமே போய்விட்டது. சில பேருக்கு விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாது.

பிப்ரவரி 7, சனி

கிரைண்டர் கல் கொத்தக் கொடுத்தேன்.

பிப்ரவரி 18, புதன்

ஜெசிந்தா தனியாகப் பேச வேண்டும் என்றாள். கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன், பஜ்ஜியும் நானே சொன்னேன்.

கன்ஃபர்மேஷன் பற்றித்தான். இதற்கு முன் நாலு இன்டர்வியூ போயிருக்கிறாளாம். நாலிலும் உட்கார்ந்திருக்கிறவரை எல்லாம் நன்றாகப் போயிருக்கிறது. எழுந்து கதவுவரை நடந்தபிறகு யாரும் கூப்பிடவில்லை. "இங்க மட்டுந்தான்க்கா, சம்பத் சார் நான் உள்ள வர்றப்ப ஃபோன்ல இருந்தாரு, போறப்பவும் ஃபோன்ல இருந்தாரு. அதனாலதான் கெடச்சிச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அப்பா இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. இந்த வேலை நிரந்தரமானால் அம்மாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டி வந்துவிடுவாளாம். கணபதி ஏரியாவில் தரைத்தளத்து வீடாகப் பார்த்து வைத்திருக்கிறாள், படி ஏற வேண்டாமே என்று.

"ரிப்போர்ட் என் கையிலதானே இருக்குது. அக்காவைப் பகைச்சுக்காம இரு, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டது போலத் தெரியவில்லை.

பிப்ரவரி 25, புதன்

அரை நாள் லீவு. என் மகன் மித்ரனின் ஸ்கூலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். வகுப்பில் நாலு பையன்கள் அவனைச் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறார்களாம். கண்ணாடி போட்ட குழந்தையை! ஒன்பது வயதுக் குழந்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "உடம்புல இருக்கிற குறையைச் சொல்லிக் கூப்பிடறதுதான் நீங்க சொல்லிக் குடுக்கிற லட்சணமா?" என்று பிரின்சிபல் அறையிலேயே கேட்டேன். நாலு பையன்களின் பெற்றோரும் மன்னிப்பு எழுதிக் கொடுத்தார்கள். எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். விடுவேனா நான்?

மார்ச் 4, புதன்

நாளை டெமோ. கீபோர்டில் ஜெசிந்தா உட்காரட்டும், வேகமாக இயக்குவாள் என்றார் சம்பத் சார். நான் பேசினால் போதுமாம்.

அவளிடம் சொன்னேன்: "நாளைக்கு நான் சொல்றதத்தவிர வேற எதையும் தொடாதே. ரிப்போர்ட் எழுத இன்னும் மூணு வாரம் இருக்குது."

"சரிக்கா" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சேர்மன் பெரியவர், வெள்ளைச் சட்டை, மெதுவாகப் பேசுகிறார். கூட ஆறு பேர். அதில் குப்புராஜ் என்று ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர், கை முழுக்கத் தீப்பட்ட தழும்பு. எண்பத்தைந்து அங்குலத் திரையில் ரோபோ கை அழகாகத் திரும்பியது. அங்கே ஃபேக்டரியில் சோதனைக்கு வைத்திருக்கிற சின்ன ரோபோ திரும்பத் திரும்ப இங்கேயும் திரும்பியது. சேர்மன் தலையாட்டினார். தினகர் பொம்மை வண்டியோடு வந்து வெளியே போனது. பச்சை.

குப்புராஜ் கையைத் தூக்கினார். "ஏனுங்க, எங்காளுக இப்பிடி நடக்க மாட்டாங்களே. எட்டு மணி நேரம் அனல்ல நின்னவன் கல்யாண வீட்டுக்குப் போறவனாட்டவா நடப்பான்? ஓரமா இன்னொரு பொம்மை நிக்குதுங்களே, அது நடக்குமுங்களா?"

"நடக்குமுங்க" என்று சம்பத் சார் முந்திக்கொண்டார். "விடும்மா."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கண்ணால் காட்டினேன். வேகமாக ஓடுகிறதே என்று சொல்வார்கள், அதனால்தான்.

"எந்த வேகத்துல சார்?" என்று அவள் சம்பத் சாரிடம் கேட்டாள்.

"அதோட சொந்த நடைலயே விடுங்கம்மா" என்றார் குப்புராஜ்.

விட்டாள். பொம்மை வண்டியைத் தள்ளிக்கொண்டு மூலையிலிருந்து புறப்பட்டது. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. நாலு நொடி முடிந்தது. கை திரும்பியது. பொம்மையின் முதுகில் இடித்து எல்லாம் உறைந்து நின்றது. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் முழ உயரத்துக்கு எழுத்து வந்தது, எது எதோடு மோதியது என்று மென்பொருள் தானாகவே போடுகிற செய்தி:

மோதல்: ரோபோ_கை, நொண்டி_1

இந்தச் செய்தியில் பாகத்தின் பெயரும் வரும் என்பது எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். இதற்கு யாரும் என்ன செய்ய முடியும்?

சேர்மன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாய்விட்டு வாசித்தார். பிறகு மேஜைக்கு அடியில் தெரிந்த ஜெசிந்தாவின் ஷூவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"யாரு இந்தப் பேரை வெச்சது?" சம்பத் சாரின் குரல் அப்படி நான் கேட்டதே இல்லை.

தினகர் தரையைப் பார்த்தான். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

அவள் எழுந்து நின்றாள். "நான்தான் சார். என்னோட நடைதானே. அடையாளத்துக்காக வெச்சேன். மாத்த மறந்துட்டேன். மன்னிச்சிருங்க."

"நம்மள நாமளே அப்பிடிச் சொல்லிக்கக் கூடாது, கண்ணு" என்றார் சேர்மன்.

"சரிங்கய்யா" என்றாள். அவர்கள் கிளம்பும்வரை நின்றுகொண்டே இருந்தாள்.

எனக்கு மதியத்திலிருந்து தலைவலி. யாரும் என்னை ஒரு டீ குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆர்டர் எங்களுக்குத்தான். நிஜ ரோபோ வருவதற்கு முன்பே ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன கம்பெனி என்று சேர்மன் கடிதம் எழுதியிருக்கிறார். செல்லை அறுபது சென்டிமீட்டர் தள்ளினால் போதும். லேஅவுட்டைத் தள்ளிவிட்டேன். அந்த மெதுநடைப் பொம்மையை இனி எல்லா லைனுக்கும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று குப்புராஜ் கேட்டிருக்கிறாராம். பெயரை மெதுநடை_1 என்று மாற்றியாகிவிட்டது.

"உங்க டீம் பேரைக் காப்பாத்திப்போட்டீங்க பூங்கொடிம்மா" என்று சம்பத் சார் ஒரு கிலோ மைசூர்பா கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தேன். ஜெசிந்தா சர்க்கரை சாப்பிட மாட்டேன் என்றாள். பஜ்ஜி மட்டும் சாப்பிடுவாளாம்.

மார்ச் 27, வெள்ளி

ரிப்போர்ட் எழுதினேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நியாயமாக எழுத வேண்டும் அல்லவா?

வேலைத்திறன்: மிக நன்று. நேரம் தவறாமை: மிக நன்று. பொறுப்புணர்வு: பாகங்களுக்குத் தகாத பெயர் வைத்து வாடிக்கையாளர் முன்னால் நிறுவனத்துக்குத் தலைகுனிவை ஏற்படுத்தினார். தானே ஒப்புக்கொண்டார். பரிந்துரை: நிரந்தரம் செய்ய வேண்டாம்.

சம்பத் சார் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நல்லா வேலை செய்யிற புள்ளயாச்சேம்மா. ஒரு தப்புக்கா?"

"தன்னையே மதிக்கத் தெரியாத புள்ள கம்பெனியை எப்பிடிங்க சார் மதிக்கும்?" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

அவள் இங்கேயே இருந்தால் அந்த மார்ச் 5 தினமும் ஷூ போட்டுக்கொண்டு படியேறி வரும். யாரால் அதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ய முடியும்?

மார்ச் 31, செவ்வாய்

ஜெசிந்தாவின் கடைசி நாள். அழுவாள் என்று நினைத்து டிஷ்யூ பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். அழவில்லை. கணபதி வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வராதாமே என்று தினகர்தான் பின்னால் சொன்னான்.

ஸ்கிரிப்ட்டை எனக்கு விளக்கினாள். எனக்குப் பாதி புரிந்தது. கடைசியில் ஒரு ஃபைலைக் காட்டினாள். "அக்கா, இது மட்டும் முக்கியம். யாரு, எப்ப, எந்தப் பாகத்துல என்ன மாத்துனாங்கன்னு வரி வரியா இதுல விழும். புதுசா மாடல் வர்றப்ப ஸ்கிரிப்ட் இந்த வரிகளை முதல்ல இருந்து வரிசையா ஓட்டித்தான் எல்லாத்தையும் கட்டும். நடுவுல ஒரு வரி போனாலும் நின்னுரும். தொடாதீங்க."

"சரி கண்ணு" என்றேன்.

இறங்கிப் போனாள். படியில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டடத்தில் இத்தனை படி இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

பம்ப் கம்பெனியிலிருந்து திருத்திய கேட் மாடல் வந்தது. அறுபது சென்டிமீட்டர் தள்ளியது. ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். அந்த ஃபைலின் வரிகள் திரையில் ஓடின. தினகர் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே நேரத்தில் படித்தோம்.

ஜனவரி 20, 11:42. பூங்கொடி. ஆபரேட்டர்_2 என்பது நொண்டி_1 என மாற்றப்பட்டது.

தினகர் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டெலிவரிக்கு இந்த ஃபைலும் போகும். குப்புராஜ் திறப்பார். சம்பத் சார் திறப்பார். வேண்டாததைத் தூக்குவதுதானே என் வேலை. அந்த ஒரு வரியை மட்டும் தூக்கினேன்.

ஏப்ரல் 8, புதன்

ஸ்கிரிப்ட் ஓடவில்லை. கன்வேயர் வருகிறது, வேலி வருகிறது, பொம்மைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு இருநூறு வரிகள் அந்தப் பெயரைத் தேடுகின்றன. எடை, நடை, மோதல், எல்லாம் அந்தப் பெயரில்தான் மாட்டியிருக்கிறது. பெயரே பிறக்கவில்லை என்றால் அவை எதைப் பிடித்துக்கொள்ளும்? பழைய பிரதி எதுவும் எடுத்து வைக்கவில்லை. கையால் செய்து பார்த்தேன். முன்பு இரண்டு நாளில் செய்தேனே, இப்போது விரல் மறந்துவிட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

அதே.

ஏப்ரல் 10, வெள்ளி

நாளை டெலிவரி. "அந்தப் புள்ளைக்கே ஒரு ஃபோனைப் போடுங்கம்மா, இதுல என்ன கவுரவம்?" என்றார் சம்பத் சார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்கக்கா. நல்லா இருக்கீங்களா? மித்ரன் நல்லா இருக்கானா?"

சொன்னேன்.

"ஃபைல்ல ஏதாச்சும் எடுத்தீங்களாக்கா?"

"இல்லையே."

பின்னால் யாரோ பெயர்களைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள், பஸ் நம்பர் சொல்வது போல: "ஜனவரி இருபது, பதினொண்ணு நாப்பத்திரெண்டு. அந்த வரிய இருந்த மாதிரியே திருப்பி அடிச்சிருங்கக்கா. உங்க பேரு, பழைய பேரு, புதுப் பேரு. ஒரு எழுத்து மாறக் கூடாது. ஓடிரும்."

தெரிந்திருக்கிறது. ஆட்டம் ஆடியபோதும் தெரியும், பஜ்ஜி தின்றபோதும் தெரியும், எழுந்து நின்று நான்தான் சார் என்றபோதும் தெரியும்.

"வெச்சிடறேன்க்கா. இன்டர்வியூக்கு வெளியில உக்காந்திருக்கேன். கடைசியா வேலை பாத்த எடத்து டீம் லீட் நம்பர் வேணும்னாங்க. உங்க நம்பரைத்தான் குடுத்தேன், வேற யாரு இருக்கா? கூப்பிட்டா எடுங்கக்கா."

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானே நல்லவிதமாகச் சொல்லியிருப்பேன். சபையில் எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நானா கேட்டேன்?

வரியை அடித்தேன். முதல் தடவை தப்பாக விழுந்தது, இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தேன். ஓடியது.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். மரியாதையான குரல். வேலை எப்படி என்று கேட்டார்கள், மிக நன்று என்றேன். நம்பிக்கையான ஆளா, ஏன் நிரந்தரம் செய்யவில்லை என்று கேட்டார்கள். ரிப்போர்ட்டில் இருப்பதைச் சொன்னேன். பெயர் வைத்தது, சேர்மன் முன்னால் திரையில் வந்தது, தானே ஒப்புக்கொண்டது. வேறு மாதிரி சொன்னால் ரிப்போர்ட்டில் நான் பொய் எழுதியதாக ஆகிவிடும். அந்தப் பக்கம் பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. நன்றி மேடம் என்று வைத்தார்கள்.

திரையில் பொம்மை வண்டியைத் தள்ளிக்கொண்டு மூலையிலிருந்து வந்தது. கை திரும்பியது. அறுபது சென்டிமீட்டர் தள்ளியிருப்பதால் இப்போது இடிப்பதில்லை. பொம்மை தன் நடையிலேயே வாசலைத் தாண்டிப் போனது. எல்லாம் பச்சை.

வரும் வழியில் கிரைண்டர் கல்லை வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகக் கொத்தியிருக்கிறான்.